நிறுத்தம் போதாது

சான்றிதழ் அலுவலகத்தின் தரவுகள் முழுவதையும் சுமந்துகொண்டிருந்த மூன்று சர்வர்களுக்கும் வயதாகிவிட்டபடியால், எல்லாவற்றையும் புதிய சர்வர்களுக்கு மாற்ற வேண்டும் என்றும், அதற்குக் 'குறைந்தபட்ச சேவை நிறுத்தம்' மட்டுமே அனுமதிக்கப்படும் என்றும் மேலிடம் ஆணையிட்டது. பொறுப்பு டேட்டாபேஸ் பொறியாளர் தலையில் விழுந்தது. அலுவலகத்தில் அவளுக்குச் 'சர்வரம்மா' என்று பெயர்.

சர்வரம்மா கெட்டிக்காரி. இரண்டு வாரம் உட்கார்ந்து தரவை நகலெடுத்தாள். பழையதில் விழும் ஒவ்வொரு பதிவும் அப்போதைக்கப்போதே புதியதிலும் விழும்படி செய்தாள். ஒரு நாள் காலை, எல்லோரும் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து மாற்றியும் விட்டாள். சேவை நின்றது நாற்பதே நொடி. கவுன்டர் கிளார்க் ஒருவர் மட்டும் கோளாறோ என்று பிரிண்டரை ஒரு தட்டு தட்டினார், அதற்குள் சரியாகிவிட்டது.

ஒரு வாரம் கண்காணித்துவிட்டு, கால் தரையில் பாவாமல் இயக்குநர் அறைக்குப் போனாள்.

"முடிஞ்சிருச்சு சார். ஒரு வாரமா புதுசுலதான் ஓடுது."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "யாருமே புகார் சொல்லலையேம்மா?"

"அதுக்குத்தானே சார் இவ்வளவு பாடு!"

"புகார் இல்லேன்னா கோப்பு இல்லை. கோப்பு இல்லேன்னா அது நடக்கவே இல்லை. ஆணையில 'நிறுத்தம்'னு தெளிவா போட்டிருக்கு. நீங்க நிறுத்தவே இல்லையே!"

"நாற்பது நொடி நிறுத்தினேன் சார்."

"நாற்பது நொடியில ஒரு ரிப்பன் வெட்ட முடியுமா?"

குழு கூடியது. 'குறைந்தபட்சம்' என்ற சொல்லைத் தீர ஆராய்ந்து, அலுவலகத்தின் கௌரவம் கெடாத குறைந்தபட்சம் நான்கு மணி நேரம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சர்வர்களைச் சர்வரம்மாவே நிறுத்தினாள். தூங்காத பிள்ளையை அடித்துத் தூங்க வைத்தது போல அவளுக்கு மனசு வலித்தது.

அரை மணியில் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, பிள்ளையை ஸ்கூல்ல சேர்க்க இன்னிக்குத்தான் கடைசி நாள். அவன் சான்றிதழுக்கு உங்க ஆபீஸ் வரிசையிலதான் நிக்கிறேன். கம்ப்யூட்டர் படுத்துருச்சாமே!"

"அதுவா படுக்கலை. படுக்க வெச்சிருக்கு."

"எந்தப் பாவி வெச்சான்?"

சர்வரம்மா போனை வைத்துவிட்டு இயக்குநரிடம் ஓடினாள். "சார், இப்பவே திறந்துடலாம். வரிசை தெருவரைக்கும் போயிருச்சு."

"தெருவரைக்குமா? பிரமாதம்! போட்டோகிராஃபரை மாடிக்கு அனுப்புங்க, முழு வரிசையும் விழணும்."

இரண்டு மணிக்குப் புதிய சர்வர்களின் திறப்பு விழா மேடையில் சிறப்பு விருந்தினர் ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தினார். அது எதோடும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. பக்கத்து அறையில் சர்வரம்மா தட்டியதில்தான் திரைகள் ஒளிர்ந்தன. நான்கு மணி நேரம் நின்ற வரிசை, கால்வலியை மறந்து கைதட்டியது.

நாத்தனார் சான்றிதழோடு ஓடி வந்தாள். "அண்ணி, ரெண்டே நிமிஷத்துல கொடுத்துட்டாங்க! போன வாரம் என்னோடதை வாங்கினேனே, அந்தப் பழைய மெஷின்ல இந்த வேகம் வருமா?"

போன வாரமும் இதே மெஷின்தான் என்று சொல்ல சர்வரம்மா வாயெடுத்தாள். அதற்குள் ஒலிபெருக்கி முந்திக்கொண்டது: "முடங்கிய சேவையை நான்கே மணி நேரத்தில் மீட்டெடுத்த நம் பொறியாளர் மேடைக்கு வரவும்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. இத்தனை வருட வேலையில் அவளுக்காக யாரும் தட்டியதில்லை. மேடையேறினாள், பாராட்டுப் பத்திரத்தை வாங்கினாள். பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

"ஐயோ, கண்ணை மூடிட்டேன்," என்றாள் போட்டோகிராஃபரிடம். "இன்னொண்ணு எடுங்க!"