கொடிக்கம்பத்து முடிச்சு யாருடையது?

எல்ம் ஓடை வார இதழின் ஆசிரியர், மதிப்பிற்குரிய விட்கோம்ப் அவர்களுக்கு, கப்பற்படையில் ஓய்வு பெற்ற எம்மெட் வோகல் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் மனைவியின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். என் வயிற்றெரிச்சல்தான் தணியவில்லை.

நேற்று போர்வீரர் நினைவு நாளில் நம் சதுக்கத்துக் கொடி நண்பகலில் உச்சிக்கு ஏறாமல் அரைக்கம்பத்திலேயே நின்றதற்கு என் முடிச்சுதான் காரணம் என்று ஊரே பேசுகிறது. அது என் முடிச்சு அல்ல. இதை நீங்கள் முதல் பக்கத்தில் போட வேண்டும். காலையில் கொடியை உச்சிவரை ஏற்றி, துக்கத்துக்காகப் பாதிக்கு இறக்கி, ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி கயிற்றைக் கொக்கியில் சுற்றிவிட்டுத்தான் கல்லறைகளுக்குப் பூ வைக்கப் போனேன். திரும்பி வந்தால், பாதிரியார் வழக்கம்போல் அவசர அவசரமாகப் போரில் இறந்த நம் ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களை வாசிக்கிறார், தேவாலய மணி பன்னிரண்டு அடிக்கிறது, நான் கயிற்றைப் பிடிக்கிறேன், அங்கே கல் மாதிரி ஒரு முடிச்சு, மழையில் நனைந்து வேறு இறுகிக் கிடக்கிறது. பேண்டுக்காரர்கள் குழலை வாயில் வைத்தபடி நிற்கிறார்கள். கொடி ஏறாமல் இந்த ஊரில் யாரும் கறி சுட அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். என் நகம் பெயர்ந்தது, பல்லும் ஆடிப்போயிற்று.

"என்ன எம்மெட், கப்பல்ல இப்படித்தான் கட்டுவீங்களா?" என்றார் மேயர்.

"வெட்டித் தொலைங்கப்பா, பசிக்குது," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வெட்டினா கொடி மண்ணுல விழும். நீ வந்து தாங்கிப் பிடிக்கிறியா?" என்றேன்.

சும்மா நிற்கமுடியாமல் பாதிரியார் பெயர்களை மறுபடி வாசித்தார், இந்த முறை நிதானமாக. அதுவும் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் முடிச்சு அவிழ்ந்தது.

என் சந்தேகம் விருந்தாளியாக வந்திருந்த ப்ரூஸ்டர் ஊர்க்காரர்கள் மேல். உள்நாட்டுப் போரில் செத்தவர்களின் கல்லறைக்கு முதன்முதலில் பூ வைத்தது நம் ஊர்ப் பெண்கள். இந்த நினைவு நாளையே தங்கள் ஊர்தான் ஆரம்பித்தது என்று கூசாமல் சொல்லித் திரிகிறவர்கள் முடிச்சும் போடுவார்கள்.

தங்கள் வீட்டார் அனைவருக்கும் என் அன்பு. கடவுள் உங்கள் அச்சு இயந்திரத்தைக் காப்பாராக.

இப்படிக்கு,
எம்மெட் வோகல்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் இர்மா ஸிம்மர் வாசலில் வந்து நின்றார். போருக்குப் போய்த் திரும்பாத ரஸ்ஸலின் தாய்.

"முடிச்சு நான் போட்டது எம்மெட். கன்னுக்குட்டி கட்டுற முடிச்சு," என்றார். "எம் பையன் பேருதான் கடைசி. வருஷா வருஷம் அது வர்றப்போ மணி அடிச்சிடும், நீங்க கொடிய ஏத்திடுவீங்க, எல்லாரும் கைதட்டிட்டு சாப்பிடப் போயிடுவீங்க. ஒரு தடவையாவது முழுசாக் கேக்கணும்னு இருந்துச்சு."

"கேட்டுதா?"

"கேட்டுச்சு."

இது நமக்குள் இருக்கட்டும். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். முதல் பக்கத்தில் ஒரு வரி போதும்: அந்த முடிச்சைப் போட்டது எம்மெட் வோகல்.