கடைசி பெஞ்ச் மீசைக்காரர்

கடைசி பெஞ்சில் நரைத்த மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே புது லெக்சரர் வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஆய்வாளர் சொல்லாமக் கொள்ளாம வந்து உட்காருவார். அவர் சரின்னாதான் வேலை நிரந்தரம். இல்லேன்னா வீடுதான்” என்று துறைத்தலைவர் போன வாரம்தான் பயமுறுத்தியிருந்தார்.

முதல் வருடக் கணிதத்தை அவள் நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் நடத்தினாள். மீசைக்காரர் புருவத்தைச் சுருக்கினார். உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் தலையில் கையே வைத்துக்கொண்டார். அவள் கையிலிருந்த சாக்பீஸ் நழுவி விழுந்தது.

“போச்சு! என் வேலை போச்சு!” வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“ரொம்ப ஈஸியா நடத்தியிருப்பே” என்றான் கணவன். கணக்குக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம், ஆனால் யோசனைக்கு மட்டும் பஞ்சமில்லை. “ரெண்டாம் வருஷப் பாடத்தை எடுத்து விடு. மனுஷன் அசந்துடுவார் பாரு.”

எடுத்து விட்டாள். பிள்ளைகள் திருதிருவென்று முழித்தார்கள். மீசைக்காரரோ லேசாகத் தலையை ஆட்டினார்!

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அந்தத் தைரியத்தில் அடுத்த வகுப்பிலேயே மூன்றாம் வருடப் பாடத்துக்குத் தாவிவிட்டாள். மீசைக்காரர் புன்னகையே பூத்துவிட்டார். முன் பெஞ்சில் ஒரு பெண் விசும்பினாள்.

“மேடம், முதல் வருஷமே இப்படின்னா, மூணாம் வருஷம் எப்படி மேடம் இருக்கும்?”

“போகப் போக ஈஸியாயிடும்மா” என்றாள், கண்ணைக் கடைசி பெஞ்சிலிருந்து எடுக்காமல்.

மறுநாள் வகுப்பு காலி. அத்தனை பேரும் புகார் சொல்லத் துறைத்தலைவர் அறைக்குப் போயிருந்தார்கள். மீசைக்காரர் மட்டும் இருந்தார். தாழ்வாரத்தில் துறைத்தலைவரின் பூட்ஸ் சத்தம் நெருங்கி வந்தது.

கடைசி பெஞ்சுக்கு ஓடினாள். “சார், நீங்கதான் என்னைக் காப்பாத்தணும். என் பாடம் நல்லாயிருக்குன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்!”

மீசைக்காரர் பதறி எழுந்தார்.

“ஐயோ, என்னைப் போய் சார்ங்கறீங்களே மேடம்! நான் பழைய ஸ்டூடண்ட். ரெண்டாம் வருஷம், மூணாம் வருஷமெல்லாம் எப்பவோ பாஸாயிட்டேன். இந்த முதல் வருஷப் பேப்பர் ஒண்ணுதான் இன்னும் அரியர். முதல் நாள் நீங்க நடத்தினப்ப ஒண்ணும் புரியல. அதை மறுபடி எப்ப மேடம் நடத்துவீங்க?”