ஜி.எம். கட்டிய கூண்டு

நெய்வேலிச் சுரங்கத்துக்கு எத்தனையோ ஜி.எம்.கள், அதாவது ஜெனரல் மேனேஜர்கள், வந்து போயிருக்கிறார்கள் பாஸ். ஆனால் லேபர் பிரச்சினையில் நேரடியாகக் கொத்து வாங்கி, முழங்காலில் ரத்தத்தோடு பேச்சுவார்த்தை நடத்திய ஒரே ஜி.எம். எங்கள் ஜி.எம்.தான்.

உண்மையில் அவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக் கிடக்கும் கரியை அள்ளிப் போடுகிற வேலை. எனக்குப் பால் பல் விழுவதற்கு முன்பிருந்தே காண்ட்ராக்ட். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முடிகிற இடத்தில், காம்பவுண்டு சுவரை எட்டிக் குதித்தால் அவருடைய ஓட்டு வீடு. வேலையில் யாரையும் அதட்ட முடியாத மனுஷன், வீட்டுக்கு வந்ததும் கோழிகளை நிர்வாகம் செய்ய ஆரம்பித்துவிடுவார். அதைப் பார்த்து எங்கள் தெரு கிண்டலாக வைத்த பெயர்தான் ஜி.எம்.

நாட்டுக்கோழிகள் மட்டும் இருந்தவரை நிர்வாகம் ஸ்மூத்தாக ஓடியது. பண்ருட்டிச் சந்தையில் ஒரு ஜோடி வான்கோழி வாங்கி வந்தார், சனி பிடித்தது. கூண்டுக்குள் ஏணி மாதிரி குச்சிகள் கட்டி, உச்சிக் குச்சியை வான்கோழிகளுக்கு ஒதுக்கினார். தீனியும் முதலில் அதுகளுக்குத்தான்.

"ஏன் ஜி.எம்., கோழிங்க என்ன பாவம் பண்ணுச்சு?" என்றேன்.

"அவங்க பர்மனெண்ட்டு தம்பி. ஒடம்பப் பாரு! கோழிங்கல்லாம் காண்ட்ராக்ட்டு. மிச்சந்தான் துன்னணும். எங்கியும் அதான் ரூலு."

சேவலுக்கு இந்த ரூல் பிடிக்கவில்லை. பொழுது சாய்ந்தால் உச்சிக் குச்சிக்குப் பறக்கும். ஆண் வான்கோழி முகமெல்லாம் நீலமாகி, இறக்கையைத் தரையில் தேய்த்துக்கொண்டு, கல்யாண மண்டப ஜெனரேட்டர் மாதிரி உறுமும். சேவல் எம்பி எம்பி உதைக்கும். விலக்கிவிடப் போன ஜி.எம்.முக்கு இரண்டு தரப்பிலிருந்தும் கொத்து. அப்புறம் சுரங்க ஹெல்மெட்டும் பூட்ஸும் போடாமல் அவர் கூண்டுப் பக்கமே போவதில்லை.

வான்கோழியைக் கூடைக்குள் கவிழ்த்து சஸ்பெண்ட் செய்து பார்த்தார். வெளியே விட்டதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது. நான் கூகுளில் தேடி, "ஒண்ணு மூஞ்சி ஒண்ணுக்குத் தெரியக் கூடாதாம்" என்று சொல்ல, நடுவில் உரச்சாக்கைக் கட்டினோம். சேவல் அந்தச் சாக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்து கூவியது.

ஒருநாள் வான்கோழி சேவலின் கொண்டையைக் கவ்விவிட்டது. விடவே இல்லை. ஜி.எம். அலகைப் பிரித்து எடுத்தபோது சேவலுக்கு ஒரு கண் போயிருந்தது, தலை தொங்கியது. அவர் மனைவி அஞ்சலை அக்கா மஞ்சளைக் குழைத்துப் பூசினார்.

"நாளிக்கு கறிக்கடைக்காரன வரச் சொல்றேன்," என்றார் ஜி.எம். "சேவலக் குட்துடலாம்."

"அடி வாங்குனது அது. அத்த ஏன்யா அனுப்புற?"

"தகராறுன்னு வந்தா காண்ட்ராக்ட்டத்தான் நிறுத்துவாங்க."

அக்கா மஞ்சள் கையோடு நிமிர்ந்து பார்த்தார். "உன்ன நிறுத்துனப்போ நீ இன்னா தகராறு பண்ண? சூப்ரவைசரும் டிரைவரும் அடிச்சிகினானுங்க. நீ பக்கத்துல நின்னுகினு இருந்த. மழக்காலம் பூரா வூட்ல குந்திகினு இருந்தியே, அப்பவும் ரூலுன்னுதான் சொன்ன."

எனக்கு அங்கே நிற்கவே சங்கடமாக இருந்தது. ஜி.எம். ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். கத்தியை எடுத்தார். சேவலைத் தாண்டி நேராகக் கூண்டுக்குள் போனவர், உச்சிக் குச்சியை வெட்டி வெளியே எறிந்தார். மற்ற எல்லாக் குச்சிகளையும் ஒரே மட்டத்தில் கட்டினார். தீனித் தட்டுகளை மூலைக்கு ஒன்றாக வைத்தார்.

"இனிமே எல்லாரும் பர்மனெண்ட்டு," என்று கூண்டைப் பார்த்து அறிவித்தார். வான்கோழி உச்சிக் குச்சி இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தது.

அதற்காக இரண்டும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் உறுமல் உண்டு, முறைப்பு உண்டு. பிடுங்கிக்கொள்ள உச்சிக் குச்சிதான் இல்லை. ஒற்றைக் கண் சேவல் ஒரு ஓரத்திலும் வான்கோழி மறு ஓரத்திலுமாகத் தூங்குகின்றன.

ஜி.எம். இன்னும் காண்ட்ராக்ட்தான். காலை ஷிப்டுக்கு அவர் சைக்கிளில் போகும்போது, அதே சுரங்கத்தில் பர்மனெண்ட்டான என் அப்பா ஸ்கூட்டரை ஓரம் கட்டி, "வணக்கம் ஜி.எம்." என்கிறார். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அப்பா அதைச் சொல்லும்போது சிரிப்பதில்லை.