ஊரை அழவைத்த ஒற்றைப் பந்து

ஓர் ஊரையே அழவைக்கப் பேரரசர்களுக்குப் படையும் பஞ்சமும் தேவைப்பட்டன. ஒஹாயோ மாநிலத்து ஹார்லன் ஃபோர்க் ஊரின் வர்ஜில் ப்ரூயிட்டுக்கு ஒரு பேஸ்பால் பந்து போதுமானதாக இருந்தது.

இறுதிப் போட்டி, ஊர் அணிக்குக் கைக்கெட்டிய வெற்றி. வர்ஜில் எறிந்தார். எதிரணியின் டெல்ராய் டாக்கெட் மட்டையைச் சுழற்றினார். பந்து மைதானச் சுவரைத் தாண்டி, வண்டி நிறுத்துமிடத்தையும் தாண்டிப் போனது. கோப்பையும் அதன் பின்னாலேயே போனது. அணி நிர்வாகம் வர்ஜிலின் தோளுக்கு ‘நிரந்தர ஓய்வு’ அளித்துக் கௌரவித்தது.

பிறகு அவர் புல்வெட்டும் எந்திரங்களைப் பழுதுபார்த்தார். கடைக்கு வருபவர்கள் முதலில் நலம் விசாரிப்பது பந்தைத்தான்.

“என்ன வர்ஜில், அந்தப் பந்து இறங்கிடுச்சா?”

“இன்னும் இல்லப்பா. நேத்துதான் பக்கத்து கென்டக்கி மாநிலத்தைத் தாண்டுச்சாம்.”

அடுத்தவர் கேலி செய்யும் முன் தானே செய்துகொண்டால் வலி குறைவு என்பது அவர் அனுபவம்.

வர்ஜிலின் தலை நரைத்த பிறகு, ஒருநாள் அணி நிர்வாகத் தலைவர் கிளேட்டன் ஹோபார்ட் கடைக்கு வந்தார். பார்வையாளர் வரத்து குறைந்துவிட்டதால், நிர்வாகக் குழு கூடி ‘தோல்விப் பெருவிழா’ நடத்தத் தீர்மானித்திருந்தது.

“டாக்கெட்டும் வர்றாரு. நீங்க அதே பந்தைப் போடணும், அவரு அதே மாதிரி அடிக்கணும். மெதுவா, நேரா, மட்டை மேலயே விழற மாதிரி.”

“கவலைப்படாதீங்க. அதுதானே நம்ம தொழில்!”

விழா நாளில் மைதானம் நிரம்பி வழிந்தது. தலையில் கைவைத்து நிற்கும் வர்ஜில் பொம்மைகள் நுழைவாயிலில் இலவசம். “நம் ஊரின் ஈடற்ற தோல்வியாளர்!” என்று ஹோபார்ட் தழுதழுத்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வர்ஜிலின் மனைவி மேவிஸ் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

தொந்தியுடன் வந்த டாக்கெட் காதோரம் கெஞ்சினார்: “பார்த்துப் போடுப்பா. எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு.”

“கட்டில்ல படுத்துக்கிட்டே அடிக்கலாம், அப்படிப் போடுறேன்.”

உண்மையிலேயே அப்படித்தான் போட நினைத்தார். ஆனால் பந்தின் தையல் விரலில் பட்டதும், கூட்டம் “அடி! அடி!” என்று டாக்கெட்டுக்காகக் கூவியதும், அந்த நினைப்பு பறந்தது. சொந்த ஊரே எதிராளி பக்கம்! கை தானாகவே சுழன்றது. மட்டைக்கு நேராக வந்த பந்து கடைசி நொடியில் சரேலென்று மடங்கிக் கீழிறங்கியது. காற்றை அடித்த டாக்கெட் ஒரு சுற்றுச் சுற்றி, புழுதியில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் மொத்தமும் தலையில் கைவைத்தது. ஒலிபெருக்கியில் ஹோபார்ட் முனகினார்: “விழாவையே கெடுத்துட்டியேய்யா!”

வர்ஜிலின் நெஞ்சு விம்மியது. வாழ்நாளிலேயே மிகச் சிறந்த பந்து! தொப்பியைக் கழற்றி, பெருமிதத்துடன் மனைவி இருந்த பக்கம் திரும்பினார்.

மேவிஸ் இப்போதுதான் எழுந்து நின்றாள். அவள் குரல் கடைசி வரிசைவரை கேட்டது:

“பாவி மனுஷா! இந்தப் பந்தை அன்னைக்கு எங்கேய்யா வச்சிருந்த?”