கிணறா, பங்களாவா என்ற வழக்கில் ஒரு நன்றி

மதிப்பிற்குரிய 'இருட்டு இலாகா' தொடரின் இயக்குநர் அய்யா அவர்களுக்கு,

கச்சிராயபாளையம் தங்கதுரையின் மனைவி அம்சவள்ளி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் மாடும் கன்றும் நலம். கோமுகி அணையில் தண்ணீர் இருக்கிறது, கரும்பு இடுப்பளவு வந்துவிட்டது. அங்கே தாங்களும், கேமரா தூக்கும் பிள்ளைகளும், கையில் மீட்டரை வைத்துக்கொண்டு பேய் இருக்கும் அறைக்குள் முதல் ஆளாக நுழையும் கறுப்புச் சட்டைத் தம்பியும் நலமாக இருக்க வேண்டும். தாங்கள் படம் பிடித்த பேய்களையும் நலம் விசாரிப்பது முறையா என்று தெரியாததால் அதை விட்டுவிடுகிறேன்.

அய்யா, எங்களைத் தங்களுக்குத் தெரியாது. ஆனால் தங்கள் தொடரால் எங்கள் வீட்டில் நடந்த சண்டைகள் தெருவுக்கே தெரியும். என் தம்பி பூமாலை வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறான். அவனுக்கு மலைப் பங்களாக் கதைதான் உசத்தி. ஆளில்லாத அறையில் நாற்காலி தானாக நகர்ந்ததே, அதற்கு மேல் ஒன்று கிடையாது என்பான். என் வீட்டுக்காரருக்குப் பாழுங்கிணற்றுக் கதை. காற்றே இல்லாதபோது கயிறு ஆடியதும், மைக்கை உள்ளே இறக்கியதும் யாரோ தொண்டையைச் செருமியதும் அவருக்கு வேதம். பக்கத்து வீட்டு இருசம்மாளுக்கு இரண்டுமே பிடிக்காது. ரயில் வரும் முன்பே தானாகக் கேட் மூடிக்கொள்ளும் கதைதான் அவளுக்கு. "நூறு நாள் வேலைக்குக்கூட இவ்ளோ ஒழுங்கா யாரும் வர்றது இல்லக்கா. அந்தப் பேயி தெனிக்கும் வந்து கேட்டு மூடுது. அதுக்குச் சம்பளமா குடுக்குறாங்க?" என்பாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொடங்கும் வழக்கு திங்கட்கிழமை களையெடுக்கும்போதும் நடக்கும். ஒருமுறை பூமாலை கறிக்குழம்பை இலையிலேயே விட்டுவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாற்காலியில் நூல் கட்டி இழுத்தார்கள் என்று இவர் சொன்னதுதான் காரணம்.

இப்படி இருந்த மனிதர்தான், போன கரும்பு வெட்டின்போது வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. பூமாலைதான் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பறந்தான். உயிர் பிழைத்தது. கால் வந்தது, கையும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. வார்த்தையெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, வெளியே வரும் வழிதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பாரதி என்ற பெண், நல்ல பொறுமைசாலி, படம் போட்ட அட்டைகளைக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்கும். தக்காளி, குடை, நாய்க்குட்டி. இவர் அட்டையைப் பார்ப்பார், அந்தப் பெண்ணைப் பார்ப்பார், பிறகு ஜன்னலைப் பார்ப்பார். அறுபது வயதுக்கு மேல் தக்காளியைப் பற்றிப் பேச அவருக்கு இஷ்டமில்லை என்று எனக்குப் புரிந்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்தால் கட்டிலில் படுத்துக் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருப்பார். நான் பேசுவேன், மாட்டிடம் பேசுவேன், அடுப்பிடம் பேசுவேன். பதில் வராத வீட்டில் பேசிப் பேசி என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது அய்யா. டிவியையும் துணி போட்டு மூடி வைத்துவிட்டேன்.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம் பூமாலை மலையிலிருந்து மாமாவுக்குக் கஞ்சி வைக்கச் சாமை கொண்டுவந்தான். வந்தவன் சும்மா இராமல் மூடியிருந்த துணியை எடுத்துவிட்டு டிவியைப் போட்டான். தங்கள் தொடரின் பழைய கதைகளை மறுபடியும் காட்டிக்கொண்டிருந்தார்கள். பங்களாக் கதை. இருசம்மாளும் சத்தம் கேட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி நகர்ந்ததும் பூமாலைக்குப் பழைய புத்தி வந்துவிட்டது.

"பாத்தீங்களா மாமா, இதான் கத. உங்க கிணறுலாம் சும்மா. மேல ஒருத்தன் உக்காந்துக்கினு கயித்த ஆட்டியிருப்பான். செருமுனது கேமராக்காரன். அவனுக்குச் சளி."

"டேய், உடம்பு முடியாதவரு கிட்ட இன்னா பேச்சு இது" என்று நான் அதட்டினேன்.

கட்டில் கிரீச்சிட்டது. இவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, உதடு துடித்தது, கை கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது. மறுபடியும் ஏதோ வந்துவிட்டது என்று பயந்து நான் ஓடினேன். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"போடா."

டிவியில் கறுப்புச் சட்டைத் தம்பி மட்டும், இங்கே ஏதோ இருக்கிறது, என்னால் உணர முடிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"போடா. கிணறு."

பூமாலை தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "யக்கா, மாமா என்னப் போடான்னுட்டாருக்கா" என்று சொல்லிச் சொல்லி அழுதான். முன்பு இதைவிடச் சின்னப் பேச்சுக்கே கோபித்துக்கொண்டு போனவன், இன்னொரு தரம் திட்டச் சொல்லி அவர் காலைப் பிடித்தான். அவரும் அலுக்காமல் திட்டினார்.

இதை ஆஸ்பத்திரியில் சொன்னதும் பாரதி அட்டைகளை எடுத்து மேசைக்குள் வைத்துவிட்டது. "வீட்ல எல்லாரும் அவர எதுத்துப் பேசுங்கம்மா. ஆனா ரொம்பப் படுத்தாதீங்க" என்றது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தியம் என்று சொன்னால் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். பூமாலை மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் வந்து கிணற்றைப் பழிப்பான். இருசம்மாள் களைக்கொத்தோடு வந்து நின்று, கேட் மூடும் பேய்க்கு இருக்கும் பொறுப்பு கிணற்றுப் பேய்க்கு உண்டா என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போவாள். பூமாலை அளவு தெரியாமல் போய், கிணற்றிலிருந்து செருமியது தவளை என்று சொன்ன அன்று, மோர் டம்ளர் அவன் காதை உரசிக்கொண்டு பறந்தது. முடங்கிக் கிடந்த வலது கையால் எறிந்தார் என்பதால் நாங்கள் மூவரும் சந்தோஷப்பட்டோம். பாரதியும் விட்டுப்போன கதைகளையெல்லாம் போனில் பார்த்துவிட்டு வந்து பங்களா கட்சியில் சேர்ந்துகொண்டது. ஒருநாள் ஆஸ்பத்திரிக் கூடத்தில் காத்திருக்கும்போது, கால் கட்டோடு உட்கார்ந்திருந்த மணலூர்பேட்டைக்காரர் ஒருவர் இடையில் புகுந்து, நானும் கிணறுதான் என்றார். அவருடைய மருமகள் பங்களா என்றாள். மாமனாருக்கும் மருமகளுக்கும் பேச்சு முற்றிப்போய், நர்ஸ் வந்து எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். வேப்பமரத்தடியில் நின்று இவர் சொன்னதுதான் முதல் முழு வாக்கியம்: "காத்து இல்ல, ஆனா கயிறு ஆடிச்சி." கால் கட்டுக்காரர் கைதட்டினார்.

ஆனால் அய்யா, நான் எழுத வந்தது அதுவல்ல. ஆவணியில் ஒருநாள் பூமாலையோடு வாதம் செய்துகொண்டிருந்தவருக்கு நடுவில் வார்த்தை நின்றுவிட்டது. தேடினார். கிடைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டென்று அடுப்படிப் பக்கம் திரும்பி, "வள்ளி, நீ சொல்லு" என்றார்.

என் பெயர் அய்யா. விழுந்த நாளிலிருந்து அந்த வாயிலிருந்து என் பெயர் வரவில்லை. கரண்டியை வைத்துவிட்டு வந்தேன். எனக்கு எப்போதும் பங்களாதான். அந்த நாற்காலியை நினைத்தால் இப்போதும் மயிர் கூச்செறியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல மனசு வரவில்லை.

"கிணறுதாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்து, "பொய் சொல்ற" என்றார். பிறகு சிரித்தார். கோணல் சிரிப்புதான். எனக்கு அது போதும்.

ஆகவே அய்யா, டாக்டருக்கும் பாரதிக்கும் அடுத்தபடியாகத் தங்களுக்குத்தான் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தக் கிணற்றை எங்கே தேடிக் கண்டுபிடித்தீர்களோ, அதில் மைக்கை இறக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ, அவர்கள் குடும்பம் குலம் தழைத்து நன்றாக இருக்கட்டும். கறுப்புச் சட்டைத் தம்பிக்கு அவருடைய அம்மா கண்ணேறு கழிக்க வேண்டும், போகிற இடமெல்லாம் ஒரு தினுசாக இருக்கிறது. கல்வராயன் மலைப் பக்கம் படம் பிடிக்க வந்தால் பூமாலை ஜீப் ஓட்டுவான், சாப்பாடு எங்கள் வீட்டில்.

தங்கள் நலனை என்றும் கோரும்,
த. அம்சவள்ளி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் இவரிடம் படித்துக் காட்டினேன். கிணற்றுக் கதை தங்கள் தொடரிலேயே வரவில்லையாம். அது வேறு சேனலாம், அதே ஞாயிற்றுக்கிழமை தங்களுக்கு அடுத்த மணிக்கு வந்ததாம், அதில் வருபவர் கட்டம் போட்ட சட்டையாம். பங்களா மட்டும்தான் தங்களுடையது என்கிறார். மறுபடியும் எழுத எனக்குக் கை வலிக்கிறது. எனவே தாங்கள் படித்து முடித்ததும் இதை அந்தச் சேனலுக்கு அனுப்பிவிடவும். அவருக்குக் கோபம் வரும்படி ஒரு பங்களா எடுத்ததற்காகத் தங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் சொன்னேன். அதெல்லாம் கிடையாது என்று ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. உலையில் போட்ட அரிசி குழைந்துகொண்டிருக்கிறது, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.