இரவல் கம்மலும் கடற்கரை மெஷினும்

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பேளுக்குறிச்சி சந்தைக்குப் போற மாதிரி போய், ஒரு மெட்டல் டிடெக்டர் எடுத்துட்டு வரணும்.

கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போலீஸ்காரர் கையில ஒரு மெஷின் வச்சு நம்ம பையைத் தடவிப் பார்ப்பாரே, அதுக்கு இது பெரியண்ணன். ஒரு கம்பு, கம்பு முனையில ஒரு தட்டு, கைப்பக்கம் ஒரு பொட்டி. தட்டை மண்ணு மேலயும் தண்ணிக்குள்ளயும் ஆட்டிக்கிட்டே போனா, கீழ நகை கிடந்தா கத்தும்.

கொல்லிமலையில தையல் கடை வச்சிருக்கிறவளுக்கு இது எதுக்குன்னு கேப்பீங்க. சொல்றேன், திட்டக் கூடாது.

ஆடிப் பதினெட்டுக்கு எங்க ஊர் ஓடையில பொம்பளைங்க எல்லாம் குளிச்சு, மஞ்சக் கயிறு மாத்தி, காசும் கருகமணியும் தண்ணியில போட்டுக் கும்பிடுவோம். நானும் போனேன். போகும்போது என் நாத்தனாரோட ஜிமிக்கிக் கம்மலை இரவல் வாங்கிப் போட்டுட்டுப் போனேன். குளிக்கப் போறவ எவளாச்சும் இரவல் நகையை மாட்டிட்டுப் போவாளா? ஃபோட்டோ எடுக்கணும்ல. அதுவும் ஈரத் தலையோட, சாமி கும்பிடற மாதிரி, எங்கயோ பார்க்கிற மாதிரி.

மூணாவது முக்கு முக்கி எந்திரிச்சேன். வலது காது லேசா இருந்துச்சு.

ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. நான் அளக்காமயே போட்டுட்டேன்.

நாத்தனார் பேரு சரோஜா. என் வீட்டுக்காரருக்கு அக்கா, மலைக்குக் கீழ முள்ளுக்குறிச்சியில இருக்காங்க. நான் நங்கையான்னு கூப்பிடுவேன். திங்கட்கிழமை வந்து கம்மலை வாங்கிக்கறேன்னு சொல்லியிருந்தாங்க, செவ்வாய்க்கிழமை அவங்களுக்கு ஒரு விசேஷம். எங்க வீட்ல எந்தச் சாமான் காணாம போனாலும் எல்லாரும் முதல்ல என் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. அப்படி ஒரு நல்ல பேரு எனக்கு. இதுல அவங்க அக்கா கம்மலும் போச்சுன்னா, என் வீட்டுக்காரர் சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு. அப்புறம் பொண்ணுங்களுக்கும் சொல்லிக் குடுத்துட்டுத்தான் சாவாரு.

நாலு நாள் கையால துழாவினேன். அப்புறம் ஃபோன்ல வீடியோ பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர் தொப்பி போட்டுக்கிட்டு கடற்கரையில நடக்கிறாரு. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு மோதிரம் எடுக்கிறாரு. அவ்வளவுதான், முடிவு பண்ணிட்டேன்.

பேளுக்குறிச்சியில ஒரு பாய் கடை இருக்கு. மருந்தடிக்கிற மெஷின், களை வெட்டற மெஷின் எல்லாம் வாடகைக்கு விடுவாரு. அவர் மருமகன் துபாய்ல இருந்தப்ப லீவு நாள்ல கடற்கரையில நகை தேடுவாராம். அந்த மெஷின் ரெண்டு கடையில கிடக்குதுன்னு கேள்விப்பட்டுத்தான் போனேன்.

"ஏனுங்க பாய், நகை தேடற மெஷின் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. எந்தக் கடலுக்குங்க?"

"கொல்லிமலைக்குங்க."

பாய் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சு, மறுபடியும் மாட்டிக்கிட்டு என்னைப் பார்த்தாரு.

"அங்க கடல் எப்பங்க வந்துச்சு?"

"ஓடைங்க பாய். முழங்கால் தண்ணிங்க."

பாய் நல்ல மனுஷன். வாடகைக்கு வந்த ஆளுன்னு பார்க்காம, பொண்ணு பார்க்க வந்த மாதிரி உக்கார வச்சு ரெண்டு மெஷினையும் எடுத்து வச்சாரு.

மொதல்ல காட்டினது மஞ்சக் கலர். கடப்பாரை கனம். "இதுங்க, ஆளோட சேர்த்துத் தண்ணியில முங்கினாலும் ஒன்னும் ஆகாதுங்க. உப்புத் தண்ணி, இரும்பு கலந்த மண்ணு, எதுக்கும் ஏமாறாது. உங்க மலை மண்ணே ஒரு மாதிரிங்க, கல்லுக்கெல்லாம் மத்த மெஷின் கத்தும். உங்களுக்கு இதுதான் சரி."

ரெண்டாவது கருப்பு, ஒல்லி. "இதுக்குத் தட்டு மட்டும்தானுங்க நனையலாம். பொட்டி நனைஞ்சா போச்சு. கடற்கரை ஓரமா ஈர மணல்ல ஓட்டறதுக்குத்தான் இது. ஒரே ஒரு சௌகரியம், மடக்கலாம்."

"மடக்கலாமுங்களா?"

பாய் மடக்கிக் காட்டினாரு. மூணு மடிப்பு. என் துணிப் பைக்குள்ள பொருத்தமா உக்காந்துக்கிச்சு.

எவ்வளவு ஆழம் தெரியும், கல்லுக்குள்ள தெரியுமா, பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும், எதுவும் கேக்கல. வீட்டுக்காரர் கண்ணுல படாம வீட்டுக்குள்ள போகுமா, அது ஒன்னுதான் எனக்குத் தேவையா இருந்துச்சு.

"நல்லா யோசனை பண்ணிக்கோங்க கண்ணு. தண்ணிக்குள்ள தேடறதுக்கு, நனையக் கூடாத மெஷினைக் கேக்கறீங்க."

"பொட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கறேனுங்க."

பாய் ரெண்டு நாள் வாடகைன்னு எழுதிக்கிட்டு, "அல்லா காப்பாத்துவான்" அப்படின்னாரு. என்னையா மெஷினையான்னு சொல்லல.

பஸ்ல ஏறி ஜன்னலோரம் உக்காந்து பையை மடியில வச்சுக்கிட்டேன். மலை ஏற ஆரம்பிச்சது. எழுபது கொண்டை ஊசி வளைவு. ரெண்டாவது வளைவுல எல்லாரும் ஒரு பக்கமா சாஞ்சாங்க. பக்கத்து சீட்டு அம்மாவோட முழங்கை என் பை மேல அமுந்துச்சு. மெஷின் ஆன் ஆயிருச்சு.

பஸ் முச்சூடும் தகரம். அது கத்தாம என்ன பண்ணும்?

எனக்கு எந்தப் பட்டன்ல ஆஃப் பண்றதுன்னு தெரியல. பைக்குள்ள கையை விட்டு எல்லாத்தையும் அமுக்கினேன். சத்தம்தான் கூடுச்சு. கண்டக்டர் வந்தாரு.

"என்னங்க பையில?"

"தையல் மெஷின் பார்ட்டுங்க."

"தையல் மெஷின் எப்பங்க அழுக ஆரம்பிச்சுது?"

பஸ்ஸே சிரிச்சுது. மிச்சம் இருந்த அறுபத்தெட்டு வளைவுக்கும் அது அழுதுக்கிட்டேதான் வந்துச்சு. மலை மேல செம்மேட்டுல இறங்கும்போது, என் பையில என்ன இருக்குன்னு தெரியாத மாதிரி இருந்த ஆளு அந்த பஸ்ல நான் ஒருத்திதான்னு நினைக்கிறேன். பின் சீட்ல ஒருத்தர், "தங்கம் தேடற மெஷினுங்க அது, நான் டிவியில பார்த்திருக்கேன்" அப்படின்னு பாடமே நடத்திட்டாரு.

ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுக்காரர் மிளகுக் கொடி பார்க்கத் தோட்டத்துக்குப் போனதும் ஓடைக்கு இறங்கினேன். பொட்டிக்கு மேல பிளாஸ்டிக் கவரைச் சுத்தி, ரப்பர் பேண்டு போட்டு, கிளம்பற புதுப்பொண்ணு மாதிரி ஜோடிச்சுட்டேன். கம்பை நீட்டற பூட்டு கடைசி வரைக்கும் திறக்கல. அதனால மடக்கின கம்போட, இடுப்பை ரெண்டா வளைச்சு, நாத்து நடற மாதிரி நடந்தேன்.

பத்து அடி போகல, கத்துச்சு. மணலைத் தோண்டினேன். ஒரு ரூபா. மறுபடி கத்துச்சு. ரெண்டு ரூபா. அடுத்தது ஊக்கு. அதுக்கடுத்தது ஒரு ரூபா.

எத்தனை வருஷ ஆடிப் பதினெட்டுக் காசு! எடுத்து எடுத்துப் பாறை மேல வச்சேன். துணி துவைச்சுக்கிட்டிருந்த பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா துணியைக் கீழ போட்டுட்டு வந்துட்டாங்க.

"ஏங்கண்ணு, ஆத்தாளுக்குப் போட்ட காசையா பொறுக்கிக்கிட்டிருக்க?"

"இல்லீங்கக்கா, வேற ஒன்னு தேடறேனுங்க. காசு தானா வருதுங்க."

"தானா வந்தாலும் நமக்கு ஆகாது சாமி. எடுத்த எடத்துலயே போட்டுரு."

போட்டேன். தட்டை ஆட்டினேன். கத்துச்சு. தோண்டினேன். அதே காசு.

எடுத்தா பாவம், போட்டா மறுபடி கத்துது. ஓரமா கிடந்த ஒரே ஒரு ரூபாயை மட்டும் நான் நாலு தடவை கண்டுபிடிச்சேன். நாலாவது தடவை எங்க ரெண்டு பேருக்கும் நல்ல பழக்கமாயிருச்சு.

காசாவது பரவாயில்ல. அருவிக்கு வர்ற டூரிஸ்ட்டுங்க சாப்பிட்டுப் போட்ட வெள்ளிக் காகிதம், பாக்குப் பொட்டலம், மாத்திரை அட்டை, எல்லாத்துக்கும் அந்த மெஷின் உசுரை விட்டுக் கத்துச்சு. மேட்டுக்கு ஏறி, சிக்னல் வர்ற பாறையில நின்னு பாய்க்கு ஃபோன் போட்டேன்.

"பாய், வெள்ளிக் காகிதத்துக்கெல்லாம் கத்துதுங்க. என்னங்க பண்றது?"

"இடது பக்கம் ஒரு பட்டன் இருக்குதுங்க. அதை ஒருக்கா அமுத்தினா அந்தக் குப்பையை எல்லாம் விட்டுரும். ஆனா..."

சிக்னல் போயிருச்சு. போனா போகுதுன்னு பட்டனை அமுத்திட்டு இறங்கிட்டேன்.

அந்த "ஆனா"வுக்கு அப்புறம் என்னன்னு திங்கட்கிழமை மெஷினைத் திருப்பிக் குடுக்கும்போதுதான் பாய் சொன்னாரு. அந்த மெஷினுக்கு வெள்ளிக் காகிதமும் சின்னத் தங்க நகையும் ஒன்னுதானாம். காகிதம் வேண்டாம்னா, கூடவே தங்கத்தையும் வேண்டாம்னு விட்டுருமாம். அதே பட்டனை இன்னொருக்கா அமுத்தினாத்தான் பழையபடி எல்லாத்துக்கும் கத்துமாம். கடற்கரையில தேடறவங்க அதனாலதான் சலிக்காம எல்லாக் குப்பையையும் தோண்டுவாங்களாம்.

ஆக, அன்னிக்கு மூணு மணி நேரம் நான் தங்கத்தை வேண்டாம்னு சொல்லிட்டுத் தங்கத்தைத் தேடியிருக்கேன். என்ன அமைதிங்கறீங்க! காசுக்கு மட்டும் அப்பப்ப ஒரு சத்தம். பாப்பாத்தி அக்கா துணியை அலசிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு.

அப்பத்தான் கரையில இருந்து ஒரு குரல்.

"மல்லிகா!"

சரோஜா நங்கையா. ஒரு நாள் முன்னாடியே வந்து நிக்கிறாங்க.

மூளிக் காதைப் பார்த்தா கம்மல் எங்கன்னு கேப்பாங்களேன்னு, தோள்ல கிடந்த துண்டை எடுத்துத் தலையோட சேர்த்து ரெண்டு காதையும் கட்டிட்டேன். அவ்வளவு வேகமா நான் ஒரு வேலை செஞ்சு என் வீட்டுக்காரர் பார்த்ததில்ல.

"வாங்க நங்கையா. நாளைக்குத்தானுங்களே வரேன்னீங்க?"

"தலைக்கு என்ன?"

"சளிங்க."

"சளியோட தண்ணியிலயா நிக்கற?"

"வெந்நி வைக்க விறகு ஈரமுங்க."

அது பதிலே இல்லைன்னு எனக்கே தெரிஞ்சுது. ஆனா அவங்க காதுல வாங்கல. சேலையைத் தூக்கிச் சொருகிட்டுத் தண்ணியில இறங்கி, என் பக்கத்துல வந்து, குரலை இறக்கிப் பேசினாங்க.

"தங்கம் தேடற மெஷின் கொண்டாந்திருக்கியாமா. பஸ்ல வந்தவங்க சொன்னாங்க. அதான் ஓடியாந்தேன்."

சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவங்க அழ ஆரம்பிச்சுட்டாங்க.

"கண்ணு, போன வருஷம் எம் பொண்ணு சீருக்கு உன்ற நெளி மோதிரம் வாங்கிட்டுப் போனேனில்ல. திருப்பிக் குடுத்துட்டேன், நீதான் எங்கியோ வச்சுட்டன்னு சொன்னேனில்ல."

"ஆமாங்க."

"குடுக்கல. போன ஆடிக்கு இங்க குளிக்கறப்ப கை வழுக்கி இதே ஓடையில போயிருச்சு. தம்பி திட்டுமேன்னு பயந்து பொய் சொல்லிட்டேன்."

ஒரு வருஷம். பீரோவைக் கவுத்து, அரிசி டப்பாவைக் கவுத்து, தையல் கடையில ஒவ்வொரு துணிப் பொட்டலமா பிரிச்சுத் தேடினேன். என் பொண்ணே "அம்மாகிட்ட குடுக்காதீங்க, தொலைச்சுரும்" அப்படின்னு சொல்ற அளவுக்கு வந்துச்சு. கோவம் கோவமா வந்துச்சு.

கூடவே இன்னொன்னும் தோணுச்சு. இப்ப என் கதையையும் சொன்னா ரெண்டும் சரியாப் போகும். நல்ல மனுஷி அதைத்தான் செய்வா.

நான் செய்யல. இந்த மாதிரி ஒரு வாய்ப்பு வாழ்க்கையில எத்தனை தடவை கிடைக்கும்?

மெஷினை ஒரு கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிமிர்ந்து நின்னேன்.

"அழாதீங்க நங்கையா. பொருள் போனா போகுதுங்க, மனுஷங்கதான் முக்கியம். நான் மன்னிச்சுட்டேன். ஆனா ஒன்னுங்க, நம்மளை நம்பிக் குடுத்த பொருளைத் தொலைச்சா அன்னிக்கே வந்து சொல்லிரணுமுங்க. மறைச்சு வச்சா மனசு தாங்குமுங்களா?"

இதைச் சொல்லும்போது எனக்கே கண்ணு கலங்கிருச்சுங்க. அவ்வளவு நல்லா சொன்னேன்.

"உன்ற மனசு யாருக்கும் வராது சாமி" அப்படின்னு அவங்க என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "நானும் தேடறேன், குடு. நீ சளியோட நிக்காத." மெஷினை வாங்கிட்டாங்க. "இது என்ன பட்டன்?"

"தொடாதீங்க நங்கையா, அது குப்பைக்கு..."

அமுத்திட்டாங்க. இடது பக்கப் பட்டன்.

ரெண்டு எட்டுதான் வச்சிருப்பாங்க. ஒரு உருண்டைக் கல்லுகிட்ட மெஷின் கத்துச்சு பாருங்க, பஸ்ல கூட அப்படிக் கத்தல. நங்கையா குனிஞ்சு, கல்லைப் புரட்டி, அடியில இருந்த மணலை வாரி எடுத்தாங்க.

"மோதிரமுங்களா?" அப்படின்னு ஆசையாத்தான் கேட்டேன்.

அவங்க உள்ளங்கையைத் தண்ணியில அலசினாங்க. வெயில்ல தூக்கிப் பார்த்தாங்க. திருகாணி இல்லாத ஜிமிக்கிக் கம்மல் ஒன்னு அவங்க விரல் நுனியில நின்னு ஆடுச்சு. அதைப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

"மல்லிகா."

"சொல்லுங்க நங்கையா."

"துண்டை அவுரு."

மெஷின் வாங்கப் போறவங்க தண்ணிக்கு ஆகுமா, மண்ணுக்கு ஆகுமான்னு எதை வேணா பார்த்து வாங்குங்க, ஆனா பக்கத்துல நிக்கிறவங்களை மன்னிக்கறதா இருந்தா மொதல்ல அதை ஆஃப் பண்ணிட்டு மன்னிங்க.