முதுகில் போட்ட ஆதி தாளம்

பம்பாய் மாதுங்காவில் கச்சேரிக்குப் போய்த் தொடையில் தாளம் போடாத தமிழர் கிடையாது. ஆனால் கடைவாய்ப்பல் பிடுங்கும்போது டாக்டரின் முழங்கையில் தாளம் போட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் ஆதி தாளம். நேரில் மாமா.

சுனாபட்டியிலிருந்து ஆபீஸுக்கு லோக்கல் ரயிலில் வருவார். நெரிசலில் தன் தொடை எது என்று தெரியாமல் ஒருநாள் பக்கத்தில் இருந்த குஜராத்திக்காரரின் தொடையில் வடாலா வரைக்கும் போட்டார். அந்த மனிதர் எழுந்து நின்றுகொண்டார். துக்கம் கேட்கப் போன வீட்டிலும் கை ஓயவில்லை. அழுதுகொண்டிருந்த அம்மாள் இவர் கையையே பார்த்துப் பார்த்து, கொஞ்ச நேரத்தில் எட்டு எட்டாக அழ ஆரம்பித்துவிட்டாளாம்.

ரிட்டயரானதும் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். பூங்காவில் நடக்கிறவர்கள் ஆளுக்கொரு காலப்பிரமாணத்தில் நடக்கிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்று இரண்டே நாளில் விட்டுவிட்டார். நேராக கிங்ஸ் சர்க்கிளில் நான் போய்க்கொண்டிருந்த சால்ஸா நடன வகுப்பில் வந்து சேர்ந்தார்.

சால்ஸாவில் ஒன்று இரண்டு மூன்று, ஐந்து ஆறு ஏழு என்றுதான் எண்ணுவார்கள். நாலிலும் எட்டிலும் கால் சும்மா இருக்கும். முதல் நாளே மாமா கையைத் தூக்கி, நாலும் எட்டும் எங்கே போயின என்று கேட்டார். “அங்கிள், உதர் ருக்னா ஹை” என்றாள் டீச்சர் ஷீத்தல்; அந்த இடத்தில் நிற்க வேண்டுமாம். கால் நிற்கலாம், கணக்கு நிற்கக் கூடாது என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து எட்டையும் விடாமல் எண்ணினார். எண்ணியது ஜோடியாக ஆடும் பெண்ணின் முதுகில்.

இதில் ஒரு சிக்கல். ஜோடி நடனத்தில் ஆணின் வலது கை பெண்ணின் முதுகில் இருக்கும். அதுதான் அவளுக்கு வழிகாட்டி. கை முதுகை விட்டு எடுபட்டால் சுற்று என்று அர்த்தம். ஆதி தாளத்திலோ ஆறிலும் எட்டிலும் வீச்சு உண்டு. மாமா கையை வீசும்போதெல்லாம் அந்தப் பெண்கள் பம்பரமாகச் சுற்றினார்கள். ஒருத்தி கண்ணாடி அலமாரி வரைக்கும் போய்விட்டாள். பிறகு அவர் பக்கத்தில் வந்தாலே எல்லோருக்கும் அவசரமாக போன் வந்தது.

அப்போதுதான் செம்பூரில் அமெச்சூர் போட்டி வைத்தார்கள். ஜோடியைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். மார்க் மட்டும் தனித்தனி. மூன்று வருஷம் போய் மூன்று தடவையும் முதல் சுற்றிலேயே திரும்பியவள் நான். ஆபீஸில் லஞ்ச் மேஜை முழுவதும் மூன்று தடவை எனக்கு ஆறுதல் சொல்லியாயிற்று. நாலாவது ஆறுதலை என்னால் தாங்க முடியாது. ஒரே ஒரு சுற்று தாண்டினால் போதும் என்றிருந்தது.

சீட்டை எடுத்தார்கள். எதிரே கஞ்சி போட்ட வெள்ளை பேன்ட், கான்வாஸ் ஷூ, நெற்றி நிறைய விபூதியுடன் மாமா வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“ராஜி, இன்னிக்குக் கையை அசைக்க மாட்டேன். சத்தியம்” என்றார்.

பாட்டு ஆரம்பித்தது. முதுகில் அந்தக் கை ஈரத்துணி மாதிரி கிடந்தது. கையோடு காலும் நின்றுவிட்டது. இரண்டு தடவை என் கட்டைவிரலை மிதித்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுக்கும்போது மூச்சை அடக்கச் சொன்ன ஆள் மாதிரி இருந்தார். பல் பிடுங்கும்போது கூட விடாததை எனக்காக விட்டிருக்கிறார். அவர் காதருகே சொன்னேன்.

“மாமா, தாளத்தைப் போடுங்கோ.”

“உனக்கு மார்க் போயிடுமேடி.”

“போனாப் போறது. போடுங்கோ.”

போட்டார். நானும் சின்ன வயதில் எட்டு வருஷம் பாட்டு வகுப்பில் உட்கார்ந்தவள். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எல்லாம் என் முதுகுக்குத் தெரிந்தன. ஆறில் ஒரு சுற்று, எட்டில் ஒரு சுற்று. ஆவர்த்தனத்துக்கு இரண்டு. மற்ற ஜோடிகள் பயந்து ஒதுங்கி இடம் விட்டார்கள். கடைசியில் மாமா தம் இஷ்டத்துக்கு, ஒரே அடுக்கை மூன்று தடவை போட்டு முடிக்கிற தீர்மானம் ஒன்று வைத்தார். மூன்றாவது தடவை சமத்தில், தாளத்தின் முதல் அடியில், வந்து நாங்கள் நிற்கவும் பாட்டு முடியவும் சரியாக இருந்தது. நடுவர்களில் ஒருவர் பேனாவை மூடியோடு பிடித்து எழுதிக்கொண்டிருந்தார்.

என் நம்பரைக் கூப்பிட்டார்கள். மாமாவின் நம்பரைக் கூப்பிடவில்லை. ஆணின் கை அனாவசியமாக அசைகிறது என்று குறிப்பு எழுதியிருந்தார்களாம். மாமா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “ஓடு, ஓடு. அடுத்த பாட்டு போட்டுடுவா” என்று என்னைத் தள்ளிவிட்டு, பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த சுற்றில் பாந்திராவிலிருந்து வந்த பையன் ஜோடியாக வாய்த்தான். நன்றாகவே ஆடினான். கையை ஒரு இம்மிகூட அசைக்கவில்லை. எனக்குத்தான் முதுகு வெறிச்சென்று இருந்தது.